பிள்ளையைப் பிரிக்கும் முன், பிரித்த பின், 18 வயது முடிந்த பின்: நெல்லைச் சீமைக் குழந்தைகள் நலப் பணியாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலி மாவட்டத்தில் ஏதாவது ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போய், அங்குள்ள பிள்ளைகளிடம் கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பலருக்கு அம்மா இருப்பார். இல்லாவிட்டால் ஆச்சி இருப்பார், திருப்பூரிலோ கொல்லத்திலோ வேலை பார்க்கும் மாமா இருப்பார். யாருமே இல்லாத பிள்ளைகளும் உண்டு. ஆனால் நான் பழகியவர்களில் அவர்கள் குறைவு. அப்பா இறந்து வருமானம் நின்றிருக்கும், அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போயிருக்கும், அப்பாவின் குடியைத் தாங்க முடியாமல் போயிருக்கும். "ஹாஸ்டல்ல சேத்துவிட்டா பிள்ளைக்குச் சோறாவது கெடைக்கும்" என்று யாரோ நல்லெண்ணத்தில் சொல்லியிருப்பார்கள்.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் வேலை பார்ப்பவர்கள், பிள்ளை எங்கே இருக்க வேண்டும் என்று உத்தரவிடும் குழந்தைகள் நலக் குழுவின் உறுப்பினர்கள், இல்ல நிர்வாகிகள், கிராமக் குழுக்களில் இருக்கும் ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். நான் வலியுறுத்துவது ஒன்றுதான். நம் உழைப்பிலும் பணத்திலும் பெரும்பங்கு பிள்ளையின் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். வீட்டில் வைத்துப் பார்க்கவே முடியாது என்று ஆன பிறகுதான் இல்லம். அப்படி வந்த பிள்ளையை 18 வயதில் தெருவில் விடக் கூடாது.

இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015 சொல்வதும் இதுதான். அதன் 3-வது பிரிவு, பிள்ளையை வளர்க்கும் முதல் பொறுப்பு குடும்பத்துக்கே என்றும், இல்லத்தில் வைப்பது கடைசி வழி என்றும் அடிப்படைக் கொள்கையாகவே வைத்திருக்கிறது. தமிழ்நாட்டு ஆதரவற்றோர் இல்லங்களில் நடந்த கொடுமைகளிலிருந்து கிளம்பிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017 மே 5 அன்று தந்த தீர்ப்பு, எல்லா இல்லங்களும் பதிவு செய்யப்பட வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே பராமரிப்புத் திட்டம் இருக்க வேண்டும் என்றது.

நம் சீமையில் இல்லங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. கோயிலுக்குப் பொட்டுக்கட்ட விடப்படும் சிறுமிகளைக் காப்பாற்ற அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல் டோனாவூரில் வேலையைத் தொடங்கியது 1901-ல். அந்தக் காலத்தில் அந்தச் சிறுமிகளுக்குத் திரும்பிப் போக வீடு இல்லை. இன்றைக்கு வரும் பிள்ளைகளில் பலருக்கு வீடு இருக்கிறது. வேலை செய்யும் முறையும் அதற்கேற்ப மாற வேண்டும்.

படி 1: பிள்ளை வந்து நிற்கும் முதல் நாள்

தாயோ பாட்டியோ பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, "இவனை எங்கயாவது சேத்து விடுங்க" என்று வந்து நிற்பார். உடனே விண்ணப்பத்தை எடுக்காதீர்கள். உட்காரச் சொல்லுங்கள். வயதுக்கேற்ப ஆச்சி என்றோ அக்கா என்றோ கூப்பிட்டு, சாப்பிட்டாச்சா என்று கேளுங்கள். அப்புறம் ஒரே ஒரு கேள்வி: "எது கிடைச்சா இவன் வீட்டிலேயே இருக்க முடியும்?"

பதில் பெரும்பாலும் சின்னதாக இருக்கும். மாதம் மூவாயிரமோ நாலாயிரமோ, சாயங்காலம் அம்மா வேலையிலிருந்து வரும்வரை பார்த்துக்கொள்ள ஓர் ஆள், நடந்து போகும் தூரத்தில் ஒரு பள்ளி. இந்தப் பதிலைப் பிள்ளையின் கோப்பில் முதல் பக்கத்தில் எழுதுங்கள். இல்லத்தில் சேர்க்க முடிவானால், இவை ஒவ்வொன்றையும் ஏன் தர முடியவில்லை என்று அதற்குக் கீழே எழுதுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்தாலே பாதிச் சேர்க்கைகள் தேவைப்படாது என்பது என் நம்பிக்கை.

பிள்ளையிடமும் தனியாகப் பேசுங்கள். எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். ஒரே கதையைக் காவல் நிலையத்தில், அலுவலகத்தில், குழுவில், இல்லத்தில் என்று திரும்பத் திரும்பச் சொல்லவைக்காதீர்கள். முதலில் கேட்பவர் பொறுமையாகக் கேட்டு ஒழுங்காக எழுதினால், அடுத்தவர் அதைப் படித்துக்கொள்ளலாம்.

படி 2: பணமும் பேப்பரும்

நம் ஆட்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் நிதி ஆதரவு என்று ஒன்று உண்டு. தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். தாய் விதவையாகவோ, விவாகரத்தானவராகவோ, குடும்பத்தால் கைவிடப்பட்டவராகவோ இருக்கும் பிள்ளைகள், பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைகள், பெற்றோருக்கு உயிர்க்கொல்லி நோய் உள்ள பிள்ளைகள், விபத்தில் பெற்றோர் முடங்கிப்போன பிள்ளைகள் ஆகியோர் இதில் வருவார்கள். குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாய்க்கும், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மேல் இருக்கக் கூடாது. வீட்டில் இருக்கும் பிள்ளை இல்லத்துக்கு வராமல் தடுக்கவும் இந்தப் பணத்தைத் தரலாம். இல்லத்தில் இருக்கும் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும்போதும் தரலாம். இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இது தவிர, 2025 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டம் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தருகிறது. பெற்றோர் இருவரையும் இழந்தவர்களுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத நிலையில் உள்ள பிள்ளைகளுக்கும் அது பொருந்தும். தாய் அல்லது ஆச்சி பீடித் தொழிலாளி என்றால், மத்தியத் தொழிலாளர் நலத்துறையின் கல்வி உதவித்தொகை இருக்கிறதா என்று பாருங்கள். அடையாள அட்டை இல்லாவிட்டால் அதிலிருந்து தொடங்குங்கள்.

திட்டங்கள் இருக்கின்றன, பிள்ளைகள் இருக்கிறார்கள், நடுவே பேப்பர் நிற்கிறது. முக்கூடல் பக்கம் ஓர் ஆச்சி. மடியில் சொளவு, அதில் பீடி இலை, தூள், நூல். நம்மோடு பேசும்போதும் விரல் நிற்கவில்லை. மகன் கேரளத்தில் கட்டட வேலையில் விழுந்து இறந்துவிட்டார், மருமகள் வேறு வாழ்க்கைக்குப் போய்விட்டார், ஏழாம் வகுப்புப் படிக்கும் பேரன் ஆச்சியிடம். ஜவுளிக்கடைப் பை ஒன்றில் எல்லாப் பேப்பரையும் மடித்து வைத்திருந்தார்: ரேஷன் கார்டு, மகனுடைய ஆதார், ஆஸ்பத்திரிச் சீட்டு, ஆம்புலன்ஸ் ரசீது. இறப்புச் சான்று மட்டும் இல்லை. "அதை வாங்கிட்டு வாங்க ஆச்சி" என்று ஓர் அலுவலகத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இறப்பு எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊரில்தான் பதிவாகும். மலையாளம் தெரியாத ஆச்சி, ஒரு நாள் சுற்றாவிட்டால் அன்றைய கூலி போய்விடும் என்ற நிலையில், கேரளத்துக்குப் போய் எப்படி வாங்கி வருவார்? வேறு வழி தெரியாமல் பேரனை இல்லத்தில் சேர்க்கத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் பேப்பரை வாங்கித் தருவது அலகின் வேலை. புறத்தொடர்புப் பணியாளர் ஒரு குடும்பத்தைப் பார்க்கப் போகும்போது கையில் ஒரு பட்டியல் இருக்கட்டும்:

- பிள்ளையின் பிறப்புச் சான்று, ஆதார். 5 வயதிலும் 15 வயதிலும் கைரேகையைப் புதுப்பித்தாயிற்றா என்றும் பாருங்கள்.
- இறப்புச் சான்று. வெளியூர், வெளிமாநிலம் என்றால் அந்த உள்ளாட்சிக்கு அலுவலகமே கடிதம் எழுதட்டும்; இணையத்தில் கிடைக்கும் இடங்களில் எடுத்துத் தரட்டும்.
- வருமானச் சான்று. விண்ணப்பிக்கும் முன் வி.ஏ.ஓ.வை நேரில் பார்த்து வீட்டு நிலையைச் சொல்லுங்கள். யோசிக்காமல் ஒரு தொகையைப் போட்டுவிட்டால் குடும்பம் வரம்புக்கு வெளியே போய்விடும்.
- பள்ளியில் படிக்கும் சான்று, பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு.

அப்பா காணாமல் போயிருந்தால் இறப்புச் சான்று கிடைக்காது. ஏழு ஆண்டுகள் தகவலே இல்லாவிட்டால்தான் இறந்ததாகச் சட்டம் கருத இடம் உண்டு. அதுவரை காத்திருக்கச் சொல்லாதீர்கள். கைவிடப்பட்ட தாய் என்ற பிரிவிலேயே விண்ணப்பத்தை அனுப்பலாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையோரம் பேப்பரையெல்லாம் இழந்த குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கு இன்னும் எது பாக்கி என்று கேட்டுப் பாருங்கள்.

பணம் வரத் தொடங்கிய பிறகு ஓரிரு மாதம் தவறினால் குடும்பம் கடனில் விழும். தாமதமாகும் என்று தெரிந்தால் முன்கூட்டியே போனில் சொல்லுங்கள். அந்த ஒரு போனுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

படி 3: குழுவின் முன் குடும்பம்

குழந்தைகள் நலக் குழு ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்டது. மாதத்தில் குறைந்தது 20 நாள் அமர வேண்டும். குழு கூடாத நேரத்தில் ஓர் உறுப்பினர் முன்பும் பிள்ளையை ஆஜர்படுத்தலாம். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் பிள்ளை வந்தாக வேண்டும் என்பதால் இந்த ஏற்பாடு.

உவரியிலிருந்தோ இராதாபுரத்திலிருந்தோ வரும் தாய் காலையில் கிளம்பி இரண்டு பஸ் மாறி வருகிறார். எல்லாப் பஸ்சும் டவுன் பஸ் அல்ல, இலவசமும் அல்ல. தூரத்து ஊர்க்காரர்களை முதலில் கூப்பிடுங்கள். பஸ் கட்டணம் கொடுங்கள். ஒரே நாளில் முடியக்கூடியதை மூன்று நாளுக்கு இழுக்காதீர்கள். குழு உயர்ந்த மேடையில் அமரக் கூடாது என்று விதிகளே சொல்கின்றன. பிள்ளைக்கும் தாய்க்கும் நாற்காலி போட்டுப் பேச வேண்டும். உத்தரவு எழுதியதும், என்ன முடிவு, ஏன், அடுத்து எப்போது வர வேண்டும் என்பதை அவர்களுக்குப் புரியும் தமிழில் சொல்லி, ஒரு தாளில் எழுதியும் கொடுங்கள். தாயின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, எதில் கையெழுத்துப் போட்டார் என்று சொல்லாமல் அனுப்புவதைப் போன்ற அநியாயம் வேறில்லை.

ஒரு தாய் பிள்ளையை ஒப்படைக்க வந்தால், 60 நாள் அவகாசம் இருக்கிறது, மனம் மாறினால் திரும்பக் கேட்கலாம் என்று மறக்காமல் சொல்லுங்கள். அந்த 60 நாளும் நாம் சும்மா இருக்கக் கூடாது. ஒப்படைக்கவைத்த காரணத்தைத் தீர்க்க முடியுமா என்று பார்க்கக் கிடைத்த காலம் அது.

படி 4: உறவைத் தேடுவது

பிள்ளையின் குடும்ப நிலையை விசாரித்து எழுதும் சமூக விசாரணை அறிக்கையை 15 நாளில் முடிக்கச் சொல்கிறது சட்டம். அவசரத்தில் "உறவினர் யாரும் முன்வரவில்லை" என்று ஒரு வரி எழுதிவிடுவது எளிது. அந்த வரி ஒரு பிள்ளையின் பத்து வருடத்தைத் தீர்மானித்துவிடும்.

பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு தாளில் குடும்ப மரம் போடுங்கள். சித்தி யார், பெரியம்மா யார், அத்தை எங்கே கட்டிக்கொடுத்திருக்கிறது, தாய்மாமா என்ன வேலை, லீவுக்கு யார் வீட்டுக்குப் போவான், யார் கல்யாணத்துக்குப் புதுச் சட்டை எடுத்தார்கள். கேரளத்துக்கும் மும்பைக்கும் வளைகுடாவுக்கும் போன உறவுகள் இந்தச் சீமையில் வீட்டுக்கு வீடு உண்டு. அவர்கள் பிள்ளையை அழைத்துக்கொள்ள முடியாவிட்டாலும் மாதம் ஒருமுறை போனில் பேசலாம்.

உள்ளூர்க்காரர்களுக்குத் தெரிந்த ஒரு வழி. குடும்பம் இந்துவாக இருந்தால், "உங்க சாஸ்தா எந்த ஊர்?" என்று கேளுங்கள். பங்குனி உத்திரத்தன்று எங்கெங்கோ இருக்கும் பங்காளிகள் எல்லாரும் அந்தக் குலதெய்வக் கோயிலுக்கு வந்து சேருவார்கள். வருடம் முழுக்கத் தேடியும் கிடைக்காத ஒரு பெரியப்பாவை அன்று பொங்கல் பானைப் பக்கத்தில் பார்த்துவிடலாம். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் சபை அசன விருந்துக்கு ஊர்க்காரர்கள் எல்லாரும் கூடுவார்கள். மேலப்பாளையத்துக் குடும்பம் என்றால் ஜமாஅத்தில் விசாரியுங்கள். ஆனால் எங்கே போனாலும் பிள்ளையின் கதையைக் கூட்டத்தில் போட்டு உடைக்காதீர்கள். பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது 74-வது பிரிவின்படி குற்றம். அதையும் தாண்டி அது பிள்ளையின் மானம்.

படி 5: பிரித்தே ஆக வேண்டிய இடம்

வறுமைக்காகப் பிரிக்காதே என்று சொல்வதால், எல்லாப் பிள்ளையையும் வீட்டிலேயே வை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டில் அடியும் பாலியல் கொடுமையும் நடக்கிறதென்றால், குழந்தைத் திருமணத்துக்குத் தேதி குறித்தாயிற்று என்றால், தயங்காதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்குத் தகவல் போக வேண்டும். பாலியல் குற்றம் என்று தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பதே போக்சோ சட்டப்படி குற்றம். "குடும்ப மானம்" என்று ஊர்ப் பெரியவர்கள் சமரசம் பேச வருவார்கள். அவர்களுக்கு உட்கார நாற்காலிகூடப் போட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். அப்பா குடித்துவிட்டு அம்மாவையும் பிள்ளையையும் அடிக்கிறார் என்றால், வீட்டைவிட்டுப் போக வேண்டியவர் யார்? பிள்ளையை மட்டும் இல்லத்துக்கு அனுப்பிவிட்டு அம்மாவை அங்கேயே விட்டு வருவது இருவருக்கும் தண்டனை. மகளிர் உதவி எண் 181 வழியாக ஒருங்கிணைந்த சேவை மையத்தையும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவையும் அம்மாவுக்குக் காட்டுங்கள். அம்மாவும் பிள்ளையும் சேர்ந்தே பாதுகாப்பாக இருக்க வழி உண்டா என்று பார்த்த பிறகுதான் மற்றது.

படி 6: இல்லத்தில் இருக்கும் காலம்

பிள்ளையின் ஊருக்கு அருகில் உள்ள, பதிவு பெற்ற இல்லத்தில் சேருங்கள். அண்ணன் தங்கையை ஆளுக்கொரு ஊருக்கு அனுப்பாதீர்கள். ஆண்கள் இல்லம் வேறு, பெண்கள் இல்லம் வேறு என்பதால் பிரிக்க வேண்டி வந்தால், வாரம் ஒருமுறையாவது இருவரும் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள்.

"ஆச்சி எப்ப வருவாவ?" என்று புதிதாக வந்த பிள்ளை வாசலைப் பார்த்துக்கொண்டே கேட்கும். "சீக்கிரம்" என்று சொல்லாதீர்கள். காலண்டரை எடுத்து, வரும் நாளை வட்டம் போட்டுக் காட்டுங்கள். அந்த நாளில் ஆச்சி வருவதற்குப் பஸ் காசு இருக்கிறதா என்று முந்தின நாளே விசாரியுங்கள். வாரம் ஒரு போன், பொங்கலுக்கும் ரம்ஜானுக்கும் கிறிஸ்துமசுக்கும் ஊர்க் கோயில் கொடைக்கும் வீடு. சண்டை போட்டதற்குத் தண்டனையாக வீட்டுப் போனை நிறுத்துவதை இன்றோடு விட்டுவிட வேண்டும்.

தனிநபர் பராமரிப்புத் திட்டம் என்று ஒரு படிவம் இருக்கிறது. எல்லாப் பிள்ளைக்கும் "நன்றாகப் படிக்க வைத்தல்" என்று ஒரே வரியை எழுதி வைப்பதைப் பார்த்திருக்கிறேன். அதில் வர வேண்டியது: இந்தப் பிள்ளை எப்போது வீட்டுக்குப் போகும், அதற்குத் தடையாக இருப்பது எது, அதை யார் எந்தத் தேதிக்குள் தீர்ப்பார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிள்ளையையும் உட்கார வைத்து அதைப் படியுங்கள்.

படி 7: வளர்ப்புக் குடும்பம்

சொந்த உறவிலும் முடியாது, இல்லமும் வேண்டாம் என்ற இடத்தில் வளர்ப்புப் பராமரிப்பு வருகிறது. வேறொரு குடும்பம் சில காலம் பிள்ளையைத் தன் வீட்டில் வைத்து வளர்க்கும். அதற்கும் மாதம் 4,000 ரூபாய் உண்டு. 2024-ல் வந்த புதிய வழிகாட்டு நெறிகள் தனியாக வாழ்பவர்களும் வளர்ப்புப் பெற்றோர் ஆக இடம் தருகின்றன. இரண்டு ஆண்டு வளர்த்த பிறகு, சட்டப்படி இடம் இருந்தால், அதே பிள்ளையைத் தத்தெடுக்கவும் விண்ணப்பிக்கலாம். அண்ணன் தம்பி அக்கா தங்கையை ஒரே வீட்டில் வைக்க எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்கிறது 44-வது பிரிவு.

நம் ஊரில் இதைப் பற்றித் தெரிந்தவர்கள் குறைவு. வருபவர்களில் பலர் குழந்தை இல்லாத தம்பதிகள். மனதில் தத்து என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். முதல் சந்திப்பிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: இந்தப் பிள்ளைக்கு ஓர் அம்மா இருக்கலாம், அவர் பார்க்க வருவார், ஒருநாள் பிள்ளை அவரிடம் திரும்பிப் போகலாம். அதைக் கேட்டு முகம் வாடினால் தவறில்லை. அவர்களை முறைப்படி தத்து மையத்துக்கு வழிகாட்டுங்கள். பிள்ளைகளை வளர்த்து முடித்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், செவிலியர்கள் போன்றவர்களை நாமாகவே தேடிப் போய்க் கேட்டால் பலன் உண்டு.

சாதியைப் பற்றிப் பேசாமல் இந்தச் சீமையில் இந்த வேலையைச் செய்ய முடியாது. "பையன் என்ன ஆளுக?" என்று சில வீடுகளில் முதல் கேள்வியே அதுவாக இருக்கும். சொல்லாதீர்கள். அந்தக் கேள்வியிலேயே நிற்கும் வீட்டுக்குப் பிள்ளையை அனுப்பவும் செய்யாதீர்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப் படிக்கும் மாணவர்களே ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதற்குப் பிறகும் தெரு, பள்ளி, பஸ் நிறுத்தம் எல்லாம் பிள்ளைக்குப் பாதுகாப்பா என்று பார்க்காமல் ஒரு வீட்டை ஒப்புக்கொள்வது பொறுப்பில்லாத்தனம். வீட்டுக்காரர் தங்கமானவராக இருக்கலாம். பக்கத்து வீடும் பள்ளிக்கூட வழியும் எப்படி என்று நேரில் நடந்து பாருங்கள்.

பிள்ளையைக் கொண்டுபோய் விடும்போது பழைய துணிப்பை ஒன்றில் சாமான்களைத் திணித்து அனுப்பாதீர்கள். நல்ல பெட்டி, அதில் அவனுக்குப் பிடித்த துணி, குடும்பப் போட்டோ, மருந்துச் சீட்டு, பள்ளிப் பேப்பர். வளர்ப்புப் பெற்றோருக்கும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: என்ன சாப்பிடுவான், எதற்குப் பயப்படுவான், தூக்கத்தில் எழுந்து அழுவானா, யார் பெயரைச் சொன்னால் முகம் மாறும். முதல் சில வாரம் நன்றாகப் போகும். அப்புறம் பிள்ளை சோதிக்க ஆரம்பிக்கும்: பொய், திருட்டு, படுக்கையில் சிறுநீர், "நீங்க என் அம்மா இல்ல" என்ற சத்தம். அந்தச் சமயத்தில் வளர்ப்பு அம்மா போன் செய்தால் எடுக்க ஓர் ஆள் வேண்டும். ஆற்றுப்படுத்துநரின் எண்ணைக் கொடுத்து, ராத்திரியானாலும் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். மாதம் ஒருமுறை குழு நேரில் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்வதைப் போலீஸ் சோதனை மாதிரி செய்யாமல், அந்த வீட்டில் ஒரு காபி குடித்து, பிள்ளையோடு தனியே கொஞ்சம் நடந்து பேசிவிட்டு வாருங்கள்.

படி 8: வீட்டுக்குத் திரும்புதல்

வீட்டுக்கு அனுப்பும் நாளைப் பள்ளி ஆண்டோடு பொருத்துங்கள். நடுவில் அனுப்ப வேண்டி வந்தால், மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்பதற்காக எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்க முடியாது. கல்வி உரிமைச் சட்டம், 2009 அதைத் தெளிவாகச் சொல்கிறது. தலைமையாசிரியரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். வகுப்பில் "இவன் ஹோம்ல இருந்து வந்தவன்" என்று அறிமுகம் செய்ய வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வாரத்தில் ஒருமுறை, முதல் மாதத்தில் மூன்று நான்கு முறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை போங்கள். நிதி ஆதரவு பிள்ளை வீடு சேரும் முன்பே அனுமதியாகியிருக்க வேண்டும். பிள்ளை போய்ப் பல மாதம் கழித்துப் பணம் வந்தால், அதற்குள் அவன் ஏதோ ஒரு கடையில் வேலைக்குப் போயிருப்பான்.

படி 9: 15 வயதிலிருந்து 21 வரை

எனக்கு அதிகக் கவலை தருவது இந்தக் கட்டம். 18 முடிந்ததும் இல்லத்தை விட்டுப் போக வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகளை அந்த வயதில் தனியே விட நமக்கு மனம் வருமா? சட்டத்தின் 46-வது பிரிவு பிற்காப்புக்கு, அதாவது இல்லத்தை விட்ட பின் தரும் உதவிக்கு, வழி வைத்திருக்கிறது. விதிகளின்படி 21 வயது வரையும், சிறப்பு நிலைகளில் 23 வரையும் நீட்டலாம். மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் உண்டு. விடுவிப்புக்கு இரண்டு மாதம் முன்பு திட்டம் தயாரிக்க வேண்டும் என்கின்றன விதிகள். இரண்டு மாதம் போதவே போதாது. 15 வயதில் தொடங்குங்கள்.

முதலில் பேப்பர். இல்லத்து முகவரியில் இருக்கும் ஆதார், கண்காணிப்பாளர் பெயரோடு சேர்ந்த வங்கிக் கணக்கு, ரேஷன் கார்டில் இல்லாத பெயர், சாதிச் சான்று கிடைக்காத நிலை. இவை எல்லாமே 18 வயதில் ஒரே நாளில் தலையில் விழும். பத்து வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, பார்த்துக்கொள்ள யாருமில்லாமல், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த பள்ளியிலோ ஆதரவற்றோர் இல்லத்திலோ சேர்ந்த பிள்ளைகள் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். இது தெரியாமல் பொதுப்பிரிவில் விண்ணப்பித்துக் கல்லூரி இடத்தை இழக்கும் பிள்ளைகள் இருக்கக் கூடாது. வட்டாட்சியரிடம் விண்ணப்பிக்கும்போது இல்லத்தின் பதிவு ஆவணத்தையும் குழுவின் உத்தரவையும் சேர்த்து வையுங்கள்.

இரண்டாவது, பள்ளி. ஒரு பிள்ளையைப் பள்ளி மாற்றும்போது, அரசுப் பள்ளியா உதவிபெறும் பள்ளியா என்பதைக் கவனியுங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. நடுவில் ஒரு வருடம் மாறினாலும் அது கைவிட்டுப் போகும். கல்லூரி போனால் பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000 ரூபாய். தமிழ்வழியில் படித்த உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இவை கிடைக்கும். எல்லாரும் கல்லூரிக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. பேட்டை அரசு ஐ.டி.ஐ.யில் ஒரு தொழிலைக் கற்று நல்ல சம்பளத்தில் இருக்கும் பிள்ளைகளை அழைத்து வந்து பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு பேச வையுங்கள்.

மூன்றாவது, கைப்பழக்கம். இல்லத்தில் மணி அடித்தால் சோறு வரும். அரிசி என்ன விலை என்று தெரியாமலேயே பிள்ளை வளர்ந்துவிடுகிறது. பாளை மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போய்க் கையில் காசைக் கொடுத்துக் காய்கறி வாங்க வையுங்கள். ஏ.டி.எம்., ரயில் டிக்கெட், ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு எடுப்பது, வாடகை பேசுவது எல்லாம் 18-க்கு முன்பே செய்து பார்த்திருக்க வேண்டும்.

நான்காவது, பணத்தைக் குறிவைத்து வருபவர்கள். கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அரசு 2021-ல் தலா 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை போட்டது. 18 வயதில் அது கைக்கு வரும். அதுவரை எட்டிப் பார்க்காத உறவு அந்த மாதம் வீடு தேடி வரும். வங்கிக்குப் பிள்ளையோடு கூடப் போங்கள். முழுப் பணத்தையும் ஒரே நாளில் எடுக்காமல் எப்படி வைக்கலாம் என்று ஒரு வருடம் முன்பிருந்தே பேசி வையுங்கள்.

ஐந்தாவது, மனிதர். 18 முடியும் ஒவ்வொரு பிள்ளைக்கும், நடு ராத்திரியில் காய்ச்சல் என்றால் கூப்பிடக்கூடிய ஒரு பெரியவர் இருக்க வேண்டும். ஆசிரியர், பழைய வார்டன், தூரத்து அத்தை, முன்பே இல்லத்தை விட்டுப் போன அண்ணனோ அக்காவோ யாராக இருந்தாலும் சரி. அவர் பெயரைக் கோப்பில் எழுதி, அவரையும் நேரில் வரச்சொல்லி, பிள்ளை முன்னிலையில் ஒப்புக்கொள்ள வையுங்கள். அப்படி ஒருவரும் இல்லை என்றால் அந்தப் பிள்ளை இன்னும் வெளியே போகத் தயாராகவில்லை. பிற்காப்பை நீட்டிக் கேளுங்கள்.

கல்லூரி விடுதிகள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மூடிவிடுவார்கள். எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு புதிய பஸ் நிலையத்துக்குப் போவார்கள். நம் பிள்ளை எங்கே போவான்? ஆகஸ்டிலேயே இந்தப் பட்டியலைப் போட்டுவிடுங்கள்: விடுதி மூடும் தேதி, எத்தனை பேர், யார் யார் வீட்டில் தங்குவார்கள். வளர்ந்துபோன பிள்ளை வந்து தங்க இல்லத்திலேயே ஓர் அறையை விருந்தாளிகளுக்கென்று ஒதுக்கி வைக்கலாம். சிறு பிள்ளைகள் தூங்கும் பகுதியிலிருந்து அது தனியாக இருக்கட்டும். புதுத் துணியும் பலகாரமும் அவனுக்கும் சேர்த்து வாங்குங்கள்.

படி 10: பிள்ளைகள் சொல்வதைக் கேட்டு மாற்றுவது

இல்லத்தில் குழந்தைகள் குழுவும் புகார்ப் பெட்டியும் இருக்க வேண்டும் என்பது விதி. பெட்டியின் சாவி கண்காணிப்பாளரிடம் இருந்தால் யார் எழுதுவார்கள்? வெளியே இருந்து வருபவர் திறக்கட்டும். இல்லத்தில் வளர்ந்து வேலைக்குப் போன இளைஞர்களில் இரண்டு பேரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழைத்து, அலகும் குழுவும் சேர்ந்து உட்கார்ந்து, "எங்களிடம் எது சரியில்லை?" என்று கேளுங்கள். அவர்களுக்கு அன்றைய சம்பளத்தையும் பஸ் காசையும் கொடுத்துவிடுங்கள். அவர்கள் சொன்னதில் எதை மாற்றினோம், எதை மாற்ற முடியவில்லை என்று அடுத்த முறை வரும்போது அவர்களிடமே சொல்லுங்கள்.

பணியாளர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒருவர் கையில் அளவுக்கு மேல் கோப்புகள் இருந்தால் மேலே சொன்ன எதுவும் நடக்காது. ஒப்பந்தச் சம்பளத்தில் இத்தனை துயரங்களையும் சுமப்பவர்கள் அடிக்கடி வேலையை விட்டுப் போகிறார்கள். ஒவ்வொருவர் போகும்போதும் பிள்ளைகள் இன்னொரு மனிதரை இழக்கிறார்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் மாதம் ஒருமுறையாவது பணியாளர்களை உட்கார வைத்து, எந்தப் பிள்ளையின் விஷயம் மனதை அரிக்கிறது என்று கேட்க வேண்டும். வேலையை விட்டுப் போகும் பணியாளர், தன் பொறுப்பில் இருந்த ஒவ்வொரு பிள்ளையையும் நேரில் பார்த்து, புதிதாக வருபவரைக் கையோடு அறிமுகம் செய்துவிட்டுத்தான் போக வேண்டும்.